லாக் ஆஃப் மறந்த காலம்: தூங்கி எழுந்த கணினியில் புரொஃபைல் கெட்டுப்போகும் கதை

ராத்திரி லேப்டாப்பை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பார். காலையில் திறந்தால் திரை கறுப்பு. கீபோர்டைத் தட்டினாலும் மவுஸை ஆட்டினாலும் ஒன்றும் அசையாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்வார். பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்ததும் உள்ளே விடும். ஆனால் உள்ளே இருப்பது அவருடைய கணினி மாதிரியே இருக்காது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபைல் ஒன்றுகூட இல்லை. வால்பேப்பர் புதுசு வாங்கியபோது இருந்தது. பிரவுசரில் புக்மார்க் இல்லை, சேமித்த பாஸ்வேர்டு இல்லை. மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு மட்டும்: தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகக் கிடைக்கும். "ஸ்டாண்ட்பை போட்டதால எல்லாம் அழிஞ்சு போச்சு" என்பது முதலாவது. "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பது இரண்டாவது. முதலாவது பாதி தப்பு. இரண்டாவது முழுத் தப்பு, ஆபத்தும்கூட. ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் அந்த ஃபைல்கள் அதே டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. அழியாததை அழிக்கிற வேலையை ஃபார்மேட்தான் செய்கிறது.

முதல் விளக்கம் ஏன் பாதி தப்பு? தூக்கத்திலிருந்து எழும்போது விண்டோஸ் புரொஃபைலை மறுபடி திறப்பதே இல்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்பது பூட்டைத் திறக்க மட்டும்தான். புரொஃபைலைப் படிப்பது லாக் ஆன் நேரத்தில். அதை ஒழுங்காக எழுதி மூடி வைப்பது லாக் ஆஃப் நேரத்தில். ஆக, கேடு எழும் நொடியில் பிறப்பதில்லை. ஒழுங்காக மூடப்படாமலே நாள்கணக்கில் திறந்து கிடந்ததில்தான் அதற்கான வழி இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆள் லாக் ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார் என்று நம்பிக் கட்டப்பட்ட ஒரு அமைப்பு, லாக் ஆஃபே செய்யாத மனிதர்களின் கையில் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேரேடும் சிட்டையும்

முதலில் புரொஃபைல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

விண்டோஸின் ஆரம்பப் பதிப்புகளில் அமைப்புகள் எல்லாம் வின்.இனி, சிஸ்டம்.இனி மாதிரியான சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களில் இருந்தன. நோட்பேடில் திறந்து நாமே திருத்தலாம். ஒரு வரி கெட்டால் அந்த வரி மட்டும் கெடும். ஆனால் யார் எந்த அமைப்பை வைத்தார்கள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கணினிக்கு ஒரே ஒரு ஆள் என்றுதான் கணக்கு. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ரெஜிஸ்ட்ரி என்ற பெயர் வந்துவிட்டது. ஆனால் அது எந்த வகை ஃபைலை எந்த புரோகிராம் திறக்கும் என்பதுபோன்ற சில்லறைக் குறிப்புகளுக்கான சின்னப் பெட்டி.

பெரிய மாற்றம் 1993 ஜூலையில் விண்டோஸ் என்டி 3.1-ஓடு வந்தது. இது அலுவலகங்களுக்கான விண்டோஸ். ஒரு கணினியில் பல பேர், ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி உரிமை, தனி அமைப்பு. எல்லாமே ரெஜிஸ்ட்ரி என்ற மரத்துக்குள் போயின. அந்த மரத்தின் ஒவ்வொரு பெரிய கிளையும் டிஸ்கில் ஒரு தனி ஃபைல். அதற்கு ஹைவ் என்று பெயர். ஒருவர் லாக் ஆன் செய்தால் அவருடைய ஹைவ் மெமரியில் ஏறும். வெளியே போனால் இறங்கும். 1996-ல் வந்த என்டி 4.0-விலிருந்து இந்த ஃபைலை என்டியூசர்.டாட் என்ற பெயரில் பார்க்கலாம். இன்றைக்கும் அதே பெயர்தான். அதைச் சுற்றியிருக்கும் ஃபோல்டர்தான் வீடு மாறிக்கொண்டே வந்தது: என்டி 4.0-வில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் புரொஃபைல்ஸ், 2000-லும் எக்ஸ்பியிலும் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், விஸ்டாவிலிருந்து யூசர்ஸ்.

இந்த ஹைவ் எப்படி எழுதப்படுகிறது என்பது முக்கியம். பழைய மளிகைக் கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கிற வியாபாரத்தை உடனுக்குடன் சிட்டையில் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் விளக்கு அணைந்தாலும் பரவாயில்லை, சிட்டை இருக்கிறது.

ஹைவ் என்பது பேரேடு. அதன் பக்கத்திலேயே லாக் என்ற சிட்டை. நீங்கள் ஒரு அமைப்பை மாற்றினால் மாற்றம் முதலில் மெமரியில்தான் நடக்கும். சில விநாடிகள் கழித்து விண்டோஸ் அதை டிஸ்குக்கு அனுப்பும். முதலில் மாறிய பகுதிகளைச் சிட்டையில் எழுதும். அடுத்து ஹைவின் தலைப்பகுதியில் இருக்கும் இரண்டு வரிசை எண்களில் முதலாவதைக் கூட்டும். பிறகு மாற்றங்களைப் பேரேட்டில் எழுதும். கடைசியாக இரண்டாவது எண்ணையும் கூட்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் கணக்கு நேர் ஆகிவிட்டது என்று பொருள். வேறு வேறாக இருந்தால் பாதியில் யாரோ எழுந்து போயிருக்கிறார்கள், சிட்டையைப் பார்த்துச் சரிசெய் என்று பொருள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது நம்பியிருப்பது ஒரே ஒரு விஷயத்தை: சொன்ன வரிசையில் டிஸ்க் எழுத வேண்டும். சிட்டை முதலில், பேரேடு பிறகு. வரிசை மாறினால் சிட்டையும் அரைகுறை, பேரேடும் அரைகுறை. அப்புறம் எதைப் பார்த்து எதைத் திருத்துவது?

இன்னொன்றும் உண்டு. சிஸ்டம் ஹைவுக்கு அந்தக் கால என்டியில் முழுசாக ஒரு மாற்றுப் பிரதியே டிஸ்கில் இருந்தது. கணினி கிளம்புவதற்கே அது தேவை என்பதால் அவ்வளவு கவனம். விண்டோஸ் 98-ம் தன் ரெஜிஸ்ட்ரியை நாள்தோறும் சோதித்து ஐந்து பிரதிகள் வரை சுருக்கி வைத்துக்கொள்ளும். என்டி வழியில் வந்த பயனர் ஹைவுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. ஒரு பேரேடு, ஒரு சிட்டை, அவ்வளவுதான்.

தூக்கம் வேறு வீட்டுப் பிள்ளை

அதே காலத்தில் இன்னொரு பக்கம் லேப்டாப்காரர்கள் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1992-ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தன. இதில் அதிகாரம் பயாஸ் கையில். எப்போது தூங்குவது என்பதை மதர்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன புரோகிராமே தீர்மானிக்கலாம். விண்டோஸிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் உண்டு. ஆனால் அவசரம் என்றால் கேட்காமலேயே தூங்கவைக்கவும் விதியில் இடம் இருந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி.

இது சரிப்படாது என்று 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ விதிமுறையை வெளியிட்டன. அதிகாரம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்தது. தூக்கத்துக்குப் படிநிலைகள் வந்தன. நாம் ஸ்டாண்ட்பை என்று சொன்னது பெரும்பாலும் எஸ்3: மெமரிக்கு மட்டும் மின்சாரம், மற்ற எல்லாம் அணைந்திருக்கும். ஹைபர்னேட் என்பது எஸ்4: மெமரியில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். பவர் பட்டனை நாலு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமல் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்பதும் இந்த ஏசிபிஐ விதியில் வந்ததுதான். இந்த நாலு விநாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. தூங்கத் தெரிந்த விண்டோஸ் 98-ல் புரொஃபைல் என்பது விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளும் ஓர் ஓரச் சங்கதி. வீட்டுக் கணினியில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. புரொஃபைல் முழுசாக இருந்த என்டி 4.0-வுக்கோ தூங்கவே தெரியாது. அலுவலக மேசையில் சுவர் மின்சாரத்தில் ஓடும் கணினிக்குத் தூக்கம் எதற்கு? சில லேப்டாப் கம்பெனிகள் தாங்களாகவே ஒட்டுப்போட்டு என்டியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தன.

இரண்டு குடும்பமும் சம்பந்தி ஆனது 2000 பிப்ரவரியில், விண்டோஸ் 2000 வெளியானபோது. என்டியின் புரொஃபைலும் ஏசிபிஐயின் தூக்கமும் முதல்முறையாக ஒரே வீட்டில். 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்து அந்த வீட்டை உலகத்துக்கே வாடகைக்கு விட்டது. அலுவலகத்துக்காகச் செய்த புரொஃபைல், ஒரே ஆள் பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கும் வந்தது. அந்த ஆளுக்கு லாக் ஆஃப் செய்ய எந்தக் காரணமும் இல்லை. வேலை முடிந்தால் ஸ்டாண்ட்பை. மறுபடி வந்தால் விட்ட இடத்திலிருந்து.

டிஸ்க் சொன்ன பொய்

இப்போது கேடு நுழைந்த வாசல்களைப் பார்ப்போம்.

முதல் வாசல் டிஸ்கின் சொந்த மெமரி. ஹார்ட் டிஸ்க் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வந்த தகவலைத் தன் சிப்பில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிட்டேன்" என்று சொல்லிவிடும். நிஜமாகத் தட்டில் எழுதுவது பிறகு, தனக்கு வசதியான வரிசையில். நடுவில் மின்சாரம் போனால் போனதுதான். சிட்டை முதலில், பேரேடு பிறகு என்ற வரிசை காணாமல் போவது இங்கேதான்.

இது கற்பனை பயம் இல்லை. விண்டோஸ் 98, 98 இரண்டாம் பதிப்பு, மீ ஆகியவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. புராசஸர் வேகமாகிவிட்டது, டிஸ்கின் உள்மெமரியும் பெரிதாகிவிட்டது. டிஸ்க் எழுதி முடிப்பதற்குள் விண்டோஸ் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது, அதனால் தகவல் போகலாம் என்பது பிரச்சினை. தீர்வு என்ன தெரியுமா? அணையும்போது கொஞ்சம் காத்திருப்பது. அவ்வளவுதான். ஒழுங்காக ஷட் டவுன் செய்தவருக்கே இந்த நிலை.

இரண்டாவது வாசல் டிஸ்கின் அளவு. பழைய முறையில் டிஸ்கின் ஒவ்வொரு துண்டுக்கும் 28 பிட் எண்ணில் முகவரி. ஒரு துண்டு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 137 ஜிபியோடு முகவரி தீர்ந்துவிடும். அதைத் தாண்ட 48 பிட் முகவரி வந்தது. எக்ஸ்பி தன் முதல் சர்வீஸ் பேக்கில் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சாதாரணமாக ஓடும்போது சரியாக இருந்த கணினி, தூங்கப்போகும்போது தடுமாறியது. 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க் உள்ள எக்ஸ்பி கணினி ஸ்டாண்ட்பைக்கோ ஹைபர்னேட்டுக்கோ போகும்போது தகவல் பாழாகலாம் என்று மைக்ரோசாஃப்டே கேபி 331958 என்ற எண்ணில் குறிப்பு எழுதியது. தூங்கும் வழி என்பது கணினிக்குள் தனி வழி. பகலில் பயன்படுத்தும் ரோட்டை அகலப்படுத்தியவர்கள் சந்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாசல் எழுந்திருக்கும் நேரம். கணினி விழித்துவிட்டது, டிஸ்க் இன்னும் விழிக்கவில்லை, அல்லது அதன் டிரைவர் குழம்பிப்போய் நிற்கிறது. மெமரியில் காத்திருந்த மாற்றங்களை எழுதப் போனால் பதில் இல்லை. எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு "டிலேயிட் ரைட் ஃபெயில்ட்" என்ற மஞ்சள் பலூன் ஞாபகம் இருக்கும். இந்த ஃபைலின் தகவலை முழுசாக எழுத முடியவில்லை, அது தொலைந்துவிட்டது என்று அது சொல்லும். அந்த ஃபைல் உங்கள் ஹைவாக இருந்தால்?

நான்காவது வாசல்தான் எல்லாவற்றிலும் அகலமானது: எழவே எழாத கணினி. வீடியோ கார்டின் டிரைவரோ பயாஸோ சொதப்பியதில் திரை கறுப்பாகவே நிற்கும். உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். அந்த நாலு விநாடி. மின்வெட்டு நாள்களில் டெஸ்க்டாப்பை ஸ்டாண்ட்பையில் விட்டுவிட்டுப் போனவர்களுக்கு இதே காரியத்தை மின்வாரியம் செய்துகொடுத்தது. மெமரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் நின்றால் எஸ்3 தூக்கம் நேராக மரணம்தான்.

இதில் என்டிஎஃப்எஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் சொந்தமாக ஒரு சிட்டை உண்டு. ஆனால் அது காப்பது ஃபைலின் பெயர், அளவு, டிஸ்கில் இருக்கும் இடம் போன்ற விவரங்களைத்தான். உள்ளே எழுதியிருக்கும் விஷயத்தை அல்ல. அதனால்தான் கெட்டுப்போன என்டியூசர்.டாட் பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். பெயர் சரி, அளவு சரி, தேதிகூடச் சரி. திறந்தால் நடுவில் வெறும் பூஜ்யங்கள்.

விடைபெற முடியாத விருந்தாளிகள்

சரி, ஒருவர் அக்கறையாக லாக் ஆஃப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. ஹைவை இறக்க வேண்டும் என்றால் அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிரிண்டர் டிரைவர், ஆன்டிவைரஸ், பின்னால் ஓடும் ஏதாவது ஒரு சர்வீஸ் கையை விடாமல் இருந்தால், விண்டோஸ் 2000-மும் எக்ஸ்பியும் காத்திருந்து பார்த்துவிட்டு, ஈவன்ட் லாகில் (எக்ஸ்பியில் 1517, 1524 என்று) புலம்பிவிட்டு ஹைவை மெமரியிலேயே விட்டுவிடும். இதற்காகவே மைக்ரோசாஃப்ட் யூபிஹெச்கிளீன் என்று தனியாக ஒரு சர்வீஸ் கொடுத்தது. வேலை எளிது: லாக் ஆஃப் நேரத்தில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, கையை விலக்கிவிடுவது. விஸ்டாவில் இந்த வேலை உள்ளேயே வந்துவிட்டது. ஈவன்ட் 1530 என்று இன்றும் லாகில் தென்படுவது அதுதான். அது எச்சரிக்கை மட்டுமே, பார்த்துப் பதற வேண்டியதில்லை.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா இன்னொரு பெரிய முடிவையும் எடுத்தது. எக்ஸ்பியில் தூங்கலாமா என்று புரோகிராம்களிடம் கேட்பார்கள். "வேண்டாம், வேலை இருக்கு" என்று ஒரு புரோகிராம் மறுக்கலாம். இதனால் மூடிய லேப்டாப் தூங்காமல் பைக்குள்ளேயே ஓடிச் சூடேறிப் பேட்டரி தீர்ந்த கதைகள் ஏராளம். விஸ்டாவில் புரோகிராம்கள் மறுக்கும் உரிமை போனது. தூங்கப் போகிறோம் என்று அறிவிப்பு மட்டும் வரும். எழுதி முடிக்க சுமார் இரண்டு விநாடி. அதற்குள் முடித்துக்கொண்டால் உண்டு.

இந்த முடிவைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூடினால் தூங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கூடவே ஹைப்ரிட் ஸ்லீப் என்ற நல்ல யோசனையையும் விஸ்டா கொண்டுவந்தது. டெஸ்க்டாப் தூங்கும்போது மெமரியின் பிரதியை டிஸ்கிலும் எழுதி வைத்துவிடும். மின்சாரம் போனாலும் அங்கிருந்து எழுந்துவிடலாம். மேலே சொன்ன மின்வெட்டு மரணத்துக்கு அதுதான் மருந்து. ஆனால் ஷட் டவுன் செய்யும் பழக்கம் அடியோடு போனதும் இந்தக் காலத்தில்தான். ஸ்டார்ட் மெனுவில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த பவர் பொத்தான் விஸ்டாவில் தூங்கவைப்பதற்கானது.

அலுவலகங்களில் இதன் விளைவு தெளிவாகவே தெரிந்தது. ரோமிங் புரொஃபைல் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஊழியர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய அமைப்பு சர்வரிலிருந்து வரும். லாக் ஆஃப் செய்யும்போது சர்வருக்குத் திரும்பப் போகும். லேப்டாப்பை மூடிக்கொண்டே திரிகிறவர் லாக் ஆஃப் செய்தால்தானே அது போகும்? விண்டோஸ் 7-ல், ஆள் உள்ளே இருக்கும்போதே என்டியூசர்.டாட்டை அவ்வப்போது சர்வருக்கு ஏற்றும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. லாக் ஆஃபை நம்பி இனி எதையும் கட்ட முடியாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட இடம் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

பக்கத்து வீட்டிலும் இதே கதை

இதெல்லாம் விண்டோஸின் கோளாறு, லினக்ஸில் டெக்ஸ்ட் ஃபைல்தானே என்று யாராவது சொன்னால் 2009-ஐ ஞாபகப்படுத்தலாம். அப்போது எக்ஸ்ட்4 என்ற புது ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கியிருந்தது. உபுண்டுவின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டவர்கள் கணினி தொங்கி ரீசெட் ஆனதும் திடுக்கிட்டார்கள். கேடிஇ, க்னோம் அமைப்பு ஃபைல்கள் பூஜ்ய நீளம். டெஸ்க்டாப் புதுசாக நின்றது. அதே காட்சி!

காரணமும் அதே உறவுமுறைதான். வேகத்துக்காக எக்ஸ்ட்4 டிஸ்கில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. புரோகிராம்களோ, எழுதி முடித்ததை உறுதிசெய்யாமல் பழைய ஃபைல்மேல் புதியதை வைத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ, தப்பு புரோகிராம்கள் எழுதும் முறையில் இருக்கிறது என்று விளக்கினார். ஆனாலும் இந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் மாற்றங்களைக் கெர்னலிலும் சேர்த்தார். அங்கே காரணம் தூக்கமே இல்லை. "எழுதிட்டேன்" என்ற வார்த்தைக்கு டிஸ்க், ஃபைல் சிஸ்டம், புரோகிராம் மூன்றும் வேறு வேறு பொருள் வைத்திருந்ததுதான் காரணம். தூக்கம் அந்த இடைவெளியை நாள்கணக்கில் நீட்டிக்கொடுக்கிறது.

ஷட் டவுனும் தூக்கமே ஆனபோது

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. ஷட் டவுன் என்ற சொல்லின் அர்த்தமே மாறியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டில், ஷட் டவுன் கொடுத்தால் பயனரை லாக் ஆஃப் செய்துவிட்டு, கெர்னலை மட்டும் ஹைபர்னேட்டில் வைக்கிறது. புரொஃபைலுக்கு இது ஒரு வகையில் நல்லது, ஹைவ் ஒழுங்காக மூடப்படுகிறது. ஆனால் கெர்னலும் டிரைவர்களும் பழைய நிலையிலேயே திரும்ப எழும். குழம்பிப்போன டிரைவர் குழம்பியபடியே வரும். அதனால்தான் சுத்தமாக ஆரம்பிக்க ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் மேல். "அணைச்சுப் போட்டுப் பாத்தேன், சரியாகல" என்பவர் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதன் ரகசியம் இதுதான்.

பிறகு மாடர்ன் ஸ்டாண்ட்பை வந்தது. போன் மாதிரி, தூங்குவதுபோல் தெரியும். ஆனால் எஸ்3 அல்ல, உள்ளே அரைத் தூக்கத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் ஹைவ்களை ரெக்பேக் ஃபோல்டரில் தானாகப் பிரதி எடுத்துவந்த வழக்கத்தை, டிஸ்க் இடம் மிச்சம் பிடிக்க, விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்த ஃபோல்டரில் பயனர் ஹைவ் எப்போதும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தற்காலிக புரொஃபைலைப் பார்த்தாலே டிஸ்க் கெட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. 2020 பிப்ரவரியில் வந்த கேபி 4532693 என்ற விண்டோஸ் 10 அப்டேட்டைப் போட்ட பலருக்கு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தது. அப்டேட்டின்போது பயன்படுத்திய தற்காலிக புரொஃபைலிலேயே அவர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். சொந்த ஃபோல்டர் .பேக் அல்லது .000 என்ற வாலோடு பெயர் மாறி யூசர்ஸ் ஃபோல்டரிலேயே இருந்தது. பார்த்துப் பயந்து உடனே புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்குத்தான் நிஜ நஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்?

வரலாறு தெரிந்தால் வேலையின் வரிசையும் தானே புரிந்துவிடும்.

தற்காலிக புரொஃபைல் என்று அறிவிப்பு வந்தால், முதல் காரியம் அங்கே எதையும் சேமிக்காமல் இருப்பது. லாக் ஆஃப் செய்யும்போது அந்த ஃபோல்டர் அழிக்கப்பட்டுவிடும். ஈவன்ட் லாகில் 1511 என்று இருந்தால் விண்டோஸ் அதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். கெட்டது என்டியூசர்.டாட் என்ற ஒரே ஒரு ஃபைல். அதன் பக்கத்தில் இருக்கும் படமும் கடிதமும் தனித்தனி ஃபைல்கள். பேரேடு கிழிந்தால் கடைச் சரக்கு போய்விடுவதில்லை. வேறு எதையும் தொடுவதற்கு முன் அவற்றை வெளி டிஸ்குக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ரீஸ்டார்ட். ஷட் டவுன் அல்ல. லாக் ஆன் நேரத்தில் வேறு ஏதோ ஒன்று ஹைவைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்றால் இதிலேயே சரியாகிவிடும்.

நான்காவது, ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடம். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நீள எண்ணில் பதிவு இருக்கும். ஹைவைத் திறக்க முடியாமல் போனால் விண்டோஸ் அந்தப் பதிவை .பேக் என்ற வாலோடு ஒதுக்கிவைத்துவிட்டு, வால் இல்லாத புதிய பதிவைத் தற்காலிகத்துக்குக் கொடுக்கும். இரண்டின் பெயரையும் மாற்றிவைப்பதுதான் மைக்ரோசாஃப்ட் கேபி 947215-ல் சொன்ன புகழ்பெற்ற வைத்தியம். ஹைவ் நிஜமாகக் கெடாமல் பதிவு மட்டும் குழம்பியிருந்தால் இது வேலை செய்யும். ஹைவே கெட்டிருந்தால் பெயர் மாற்றினாலும் திரும்ப அதே இடத்தில்தான் வந்து நிற்கும். அப்போது புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பழைய ஃபோல்டரிலிருந்து ஃபைல்களை மட்டும் கொண்டுவருவதே நேர்வழி. என்டியூசர் என்று தொடங்கும் ஃபைல்களைக் கொண்டுவராதீர்கள், கூடவே வியாதியும் வந்துவிடும்.

அப்புறம் டிஸ்கைச் சோதித்துப் பாருங்கள். ஒருமுறை கெட்டால் அது விபத்து. மாதம் ஒருமுறை கெட்டால் டிஸ்கோ அதன் டிரைவரோ பயாஸோ கேட்கிறது என்று அர்த்தம். எழாத கணினியைச் சரிசெய்யாமல் புரொஃபைலை மட்டும் சரிசெய்துகொண்டிருந்தால் அடுத்த நாலு விநாடி அழுத்தலுக்காகக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தூக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். எஸ்எஸ்டி வந்து டிஸ்க் விழிக்கத் தாமதமாகும் தொல்லை குறைந்திருக்கிறது. ஹைவுக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சிட்டை வந்திருக்கிறது. ஆனாலும் 1993-ல் போட்ட கணக்கு அடியில் அப்படியே இருக்கிறது: என்றாவது ஒரு நாள் ஆள் வெளியே போவார், அப்போது பேரேட்டை மூடிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுத்து அந்தப் பேரேட்டை மூடித் திறந்துவிடுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்று யாராவது கேட்டால், முதலில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.